பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது?

பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் நேரம். ஜெராக்ஸ் எடுக்க எங்கள் தெருமுனை பிரவுசிங் சென்டருக்குப் போயிருந்தேன். ஒரு மாணவி அப்பாவோடு வந்திருந்தாள். கையில் மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், ஆதார். மற்றதையெல்லாம் கடைக்காரரே பார்த்துக்கொண்டார். மின்னஞ்சல் முகவரி அவர் உருவாக்கியது. விண்ணப்பக் கணக்கின் பாஸ்வேர்டு, அவள் பெயரும் பிறந்த வருடமும். வெளியே வரும்போது, "பாஸ்வேர்டை எழுதி வெச்சுக்கிட்டியாம்மா?" என்று கேட்டேன். "அந்த அண்ணனுக்குத் தெரியும்" என்றாள். இத்தனைக்கும் அவள் வீடியோ வெட்டி, பாட்டுச் சேர்த்து ரீல்ஸ் போடுவதில் கெட்டிக்காரி என்று அப்பா பெருமையாகச் சொன்னார்.

அந்தப் பாஸ்வேர்டு சாதாரணமானதல்ல. கலந்தாய்வில் எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு என்று விருப்ப வரிசையை நிரப்புவது அதே கணக்கில்தான். நாலு வருடப் படிப்பின் சாவி அது. கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் கணினியில் அடுத்து உட்காருபவர் யார்? பிரவுசரில் பாஸ்வேர்டு சேமிக்கப்பட்டிருக்கும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஆதார் நகல் கிடக்கும். இன்னொருவரின் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. இருந்தாலும் கைவிட்டுப் போன சீட்டைச் சட்டம் உடனே மீட்டுத் தந்துவிடாது.

கணினி இல்லாத வீடுகளுக்கு டி.எஃப்.சி. எனப்படும் கலந்தாய்வு உதவி மையங்கள் இருக்கின்றன. கடைக்குத்தான் போக வேண்டுமென்றாலும் பாஸ்வேர்டைப் பிள்ளையே தட்டட்டும். கைபேசி எண் வீட்டாருடையதாக இருக்கட்டும், ஓடிபி அதற்குத்தான் வரும். எழுந்திருக்கும் முன் லாக் அவுட் செய்து, நகல்களை அழிக்கச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம், அது நம் உரிமை.

இன்னொரு ஆபத்து வீட்டுக்கே போன் போட்டு வருகிறது. "உங்க பொண்ணுக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கு. வாட்ஸ்அப்புல க்யூஆர் கோடு அனுப்பறோம், ஸ்கேன் பண்ணுங்க." கல்வித் துறையிலிருந்து பேசுவதாகச் சொல்வார்கள். பிள்ளையின் பெயர், பள்ளி, வகுப்பு எல்லாம் சரியாக இருக்கும். அம்மா நம்பிவிடுவார், போனை வாங்கி ஸ்கேன் செய்வது பெரும்பாலும் பிள்ளைதான். பணம் வருவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. பின் கேட்டாலே பணம் போகிறது என்று அர்த்தம். இந்த ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காத கணினி வகுப்பால் என்ன பயன்?

பணம் போய்விட்டால் முதல் வேலை 1930-க்கு அழைப்பது. அடுத்து வங்கிக்குச் சொல்வது. cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம். சீக்கிரம் சொன்னால், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறும் முன்பே அதை முடக்க வாய்ப்பிருக்கிறது. நம் கவனக்குறைவால் ஓடிபியோ பின்னோ கொடுத்துவிட்டிருந்தாலும், வங்கியிடம் தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியைச் சேரும் என்கிறது ரிசர்வ் வங்கியின் விதி. புகார் எண்ணை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எத்தனையோ வீடுகளில் ரெண்டு நாள் கழித்துத்தான் விஷயமே வெளியே வருகிறது. பிள்ளை சொல்லியிருக்காது. சொன்னால் அடி விழும், போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம். படத்தை வைத்து மிரட்டப்படும் பெண் பிள்ளைகள் வாயே திறக்காததற்கும் இதே பயம்தான் காரணம். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு போக்சோ சட்டம் துணை நிற்கிறது. 1098-க்கு அழைத்தால் உதவி கிடைக்கும். ஆனால் பிள்ளை முதலில் வீட்டில் பேச வேண்டுமே! "தப்பு நடந்தா உடனே எங்கிட்ட சொல்லு, திட்டமாட்டேன்" என்று ஒருமுறை சொல்லி வையுங்கள். சொன்னபடி திட்டாமலும் இருங்கள்.

இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, கடைக்காரர் போட்டுக்கொடுத்த பாஸ்வேர்டை அவர்கள் கையாலேயே மாற்றச் சொல்லுங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது.