மித்தி ஆறும் இருப்புப்பாதைப் பாலங்களும்

பாலம் ஒன்றின் வலிமையை அதன்மீது செல்லும் வண்டியின் எடையைக் கொண்டே மதிப்பிடுவது வழக்கம். அதன் கீழே செல்லும் நீரின் அளவும் அதற்கு இணையான அளவுகோல் என்பதை மும்பையின் மித்தி ஆறு உணர்த்துகிறது.

விகார், பொவாய் ஏரிகளின் உபரிநீரால் உருவாகும் இவ்வாறு, ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடி, குர்லா, தாராவிப் பகுதிகளைக் கடந்து மாகிம் கழிமுகத்தில் அரபிக் கடலை அடைகிறது. 1853 ஏப்ரல் 16 அன்று போரி பந்தரிலிருந்து தாணாவுக்கு 34 கிலோமீட்டர் ஓடிய நாட்டின் முதல் பயணி இரயிலுக்கான பாதை, ஆற்றின் கிழக்கே சயான் சதுப்பு நிலத்தில் எழுப்பிய மண்கரைமீது அமைந்தது. குஜராத்திலிருந்து வந்து 1864-இல் பம்பாயை எட்டிய மற்றொரு பாதை, மாகிமுக்கும் பாந்த்ராவுக்கும் இடையே ஆற்றையே கடந்தது.

திருகுத் தூண்கள்

கடலேற்றம் புகும் சேற்றில் அடித்தளம் தோண்டுவது அரிது. எனவே 1888-ஆம் ஆண்டைய மாகிம் பாலத்தில் வார்ப்பிரும்புத் திருகுத் தூண்கள் பயன்பட்டன. பார்வையிழந்த அயர்லாந்துப் பொறியாளர் அலெக்சாண்டர் மிட்செல் 1833-இல் காப்புரிமை பெற்ற முறை இது. தூணின் அடியிலுள்ள அகன்ற திருகலகு, தூணைச் சுழற்றும்போது மண்ணுள் இறங்கி, பாரத்தைப் பரவலாகத் தாங்கும். நூறாண்டுகளுக்கு மேல் உழைத்த இத்தூண்களை மேற்கு இரயில்வே 2025 ஜனவரியில் அகற்றியது.

பணிமனைகள்

பாதைகளைத் தொடர்ந்து பணிமனைகளும் இத்தாழ்நிலத்தை ஒட்டி எழுந்தன. மாதுங்காவில் 1915-இல் பெட்டிப் பணிமனை நிறுவப்பெற்றது. 1925 பிப்ரவரி 3 அன்று குர்லாவரை மின்சார இரயில் ஓடத் தொடங்கியபோது, அவ்வண்டிகளைப் பராமரிக்கும் கொட்டகையும் குர்லாவில் அமைந்தது. தாராவி, மாதுங்கா, செம்பூர்வாழ் மக்கள் நாள்தோறும் வேலைக்குச் செல்வதற்கு இவ்வமைப்பே ஆதாரம்.

வெள்ளம் தந்த பாடம்

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. கடலேற்றம் வெள்ளத்தின் வடிகாலைத் தடுத்தது. ஆக்கிரமிப்பாலும் நிரப்பிய நிலத்தாலும் குறுகிய ஆறு கரை கடந்தது. இரயில் போக்குவரத்து நின்றது. அதே ஆண்டில் மித்தி ஆற்றுக்கெனத் தனி ஆணையம் அமைந்தது.

மண்கரை நீரைத் தடுக்கும். பாலத்தின் கண்களே அதற்கு வழிவிடும். கண்கள் குறுகினாலோ தூர்ந்தாலோ மேல்புறத்தில் நீர்மட்டம் உயரும். எனவே தாராவியின் தாழ்ந்த குடியிருப்புகளும் இருப்புப்பாதையும் ஒரே ஆபத்தில் பங்குகொள்கின்றன. பழைய பாலங்களைப் புதுப்பிக்கையில் இரயில்வேயும் மாநகராட்சியும் ஒன்றுகூடி நீர்வழியின் அகலத்தையும் அளந்து முடிவு செய்தல் வேண்டும்.