‘மற்றும் பலர்’

பழைய தமிழ்ப் படங்களின் தொடக்கத்தில் வரும் பெயர்ப் பட்டியலை நேயர்கள் கவனித்திருப்பீர்கள். முதலிற் கதாநாயகன், அடுத்துக் கதாநாயகி, அதன்பின் நாலைந்து பெயர்கள் ஒன்றாக, பின்னர் பத்துப் பன்னிரண்டு பெயர்கள் நெருக்கியடித்துக்கொண்டு. யாருக்கு எந்த வேடம் என்ற விபரம் பெரும்பாலும் இராது. கடைசியில் ‘மற்றும் பலர்’ என்று ஒரு வரி. படம் தொடங்கியதும் அந்தப் பலரும் வருவார்கள்: வாயில்காப்போன், வண்டிக்காரன், வட்டிக்கடைக் கணக்கப்பிள்ளை, நாயகியின் தோழி. அங்கே முகம் இருக்கும், பெயர் இராது. பட்டியலிலோ பெயர் இருக்கும், முகம் இராது. இவ்விரண்டையும் பொருத்திப் பார்ப்பதையே பொழுதுபோக்காகக் கொண்ட ஒரு கூட்டம் உண்டு. நாமும் அதிற் சேர்ந்தவர் என்பதை எமது மாணவர்கள் அறியாதிருத்தல் நலம்.

இந்தப் பைத்தியம் எம்மைப் பிடித்தது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாதிருந்த 1991ஆம் ஆண்டளவில். ஊரில் எவர் வீட்டிலேனும் கலியாணம், பூப்புனித நீராட்டு என்று வந்தால், தொலைக்காட்சிப் பெட்டியும் ‘டெக்’கும் ‘ஜெனரேற்ற’ரும் வாடகைக்கு வரும். மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு அஃது ஒரு பெரிய ஆடம்பரமே. ஆகவே செலவழித்த காசுக்கு விடியும்வரை மூன்று படமாவது பார்த்தாக வேண்டும். முற்றத்திற் பாய் விரித்துச் சிறுவர்கள் நாம் முன்வரிசையில். பின்னால், விறாந்தையிற் போட்ட சாய்மனைக் கதிரையில், இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர். உறவினர் அல்லர், ஆயினும் ஊர்ப் பிள்ளைகள் அனைவருக்கும் அவர் மாமா.

‘அசோக்குமார்’ (1941) ஓடிய ஓர் இரவில், “இதுக்குள்ளை எம்.ஜி.ஆர். எங்கை நிக்கிறார், சொல்லுங்கோ பாப்பம்” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பாகவதரையும் கண்ணாம்பாவையும் நாகையாவையும் கண்டுகொண்ட எமக்கு எம்.ஜி.ஆர். அகப்படவில்லை. அக்காலத்துப் படங்கள் சிலவற்றில் அவர் ‘எம். ஜி. ராம்சந்தர்’ என்ற பெயருடன் வந்தவர் என்பது அன்றுதான் தெரிந்தது. தளபதி வேடத்தில் நின்ற இளைஞரை மாமா சுட்டிக் காட்டியபோது, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாத அந்த முகத்தை நம்ப மறுத்து ஒருவன் ஐந்து ரூபா பந்தயம் கட்டினான். அந்த ஐந்து ரூபா கைமாறவேயில்லை என்பது வேறு விடயம்.

ஆளை அடையாளங் காண்பதற்கு மாமாவிடம் ஒரு முறை இருந்தது. முகத்தைப் பார்க்கக் கூடாது என்பார். “மீசை ஒட்டலாம், மச்சம் வைக்கலாம், தம்பி. காதை மாத்தேலாது.” காது, நடை, குரல் ஆகிய இம்மூன்றையே அவர் நம்பினார். ‘திகம்பர சாமியார்’ (1950) படத்தில் நம்பியார் பதினொரு வேடங்களில் வருகிறார். அதையே எமக்குப் பரீட்சையாக வைத்தார். நாடாவை நிறுத்தினால் படம் நடுங்கும், குறுக்கே கோடு விழும், ‘டெக்’காரரோ முறைப்பார். ஆகவே ஓடும் படத்திலேயே காதைப் பிடித்தாக வேண்டும். நாம் பதினொன்றில் ஏழைப் பிடித்தோம்.

பட்டப்பெயர்கள் அவருக்குப் பெரும் விருந்து. தமிழ்த் திரையில் ஒரே பெயருடையோர் பலர் இருந்தமையால், ஒட்டிக்கொண்ட அடைமொழியே ஆளைக் காட்டும். தங்கவேலு ‘டணால்’ தங்கவேலு ஆனது ‘சிங்காரி’ (1951) படத்தில் அச்சொல்லை அடிக்கடி உதிர்த்ததால். ராஜகோபாலுக்கு ‘குலதெய்வம்’ (1956) படமே முன்பெயராயிற்று. ‘என்னத்தே’ கன்னையாவை விளக்கவும் வேண்டுமா? இவை யாவற்றிலும் எமக்குப் பிடித்தது ஜாவர் சீதாராமனின் கதை. விக்டர் ஹியூகோவின் பிரெஞ்சு நவீனத்தைச் சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்று தமிழாக்கினார். 1950இல் அது படமானபோது, நாயகனை விடாது துரத்தும் ஜாவர் என்ற பொலிஸ் அதிகாரியாக நடித்தவர் சீதாராமன். பாரிஸ் நகரத்து இன்ஸ்பெக்டரின் பெயரைத் தமிழர் ஒருவர் ஆயுள் முழுவதும் சுமந்தார். அவ்வளவு பொருத்தமாக நடித்திருந்தார்.

இனி எமது மானக்கேடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பதினான்கு வயதில், நாலு பெயர் தெரிந்துவிட்ட மிதப்பில், ‘பராசக்தி’ (1952) படத்திற் கல்யாணியாக வரும் ஸ்ரீரஞ்சனி முப்பதுகளிலேயே தெலுங்குப் படங்களில் நடித்துப் புகழ்பெற்றவர் என்று சபையிற் பிரசங்கித்தோம். மாமா சிரிக்கவில்லை. “தம்பி, அவ தமக்கை. இவ தங்கச்சி. தமக்கை செத்துப் பதின்மூண்டு வரியத்துக்குப் பிறகு வந்த படம் இது” என்றார். மூத்த ஸ்ரீரஞ்சனி காலமானது 1939இல். இறந்தவரை எழுப்பிவந்து நடிக்கவைத்த வெட்கம் அன்றிரவு முழுவதும் எம்மைத் தூங்கவிடவில்லை. அன்று தொட்டு ஆண்டைப் பாராமல் ஆளைச் சொல்வதில்லை.

மாமாவின் புலமைக்கு ஆதாரம் ஒரு தகரப் பெட்டி. அதனுள் அவர் சிறுவயது முதற் சேர்த்த பாட்டுப் புத்தகங்கள் இருந்தன. படமாளிகை வாசலிற் சில சதத்துக்கு விற்ற அந்த மெல்லிய புத்தகங்களை இன்றைய பிள்ளைகள் கண்டிரார். பாடல்களோடு கதைச்சுருக்கமும் இருக்கும். சிக்கல் முற்றும் இடத்தில் ‘மிகுதியை வெள்ளித்திரையிற் காண்க’ என்று கையை விரித்துவிடும். எமக்கு வேண்டியது அதுவன்று. பல புத்தகங்களின் முதற் பக்கங்களில் வேடமும் நடிகர் பெயரும் எதிரெதிரே அச்சாகியிருக்கும். படச்சுருள் சொல்லாததை அந்த மட்டமான தாள் சொல்லும்.

1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, மாமா அரிசியையும் வீட்டு உறுதியையும் சைக்கிளிற் கட்டிக்கொண்டு தகரப் பெட்டியைக் கட்டிலின் கீழ் விட்டுச் சென்றார். மறு ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. பெட்டியின் மூடி திறந்திருந்தது. ஒரு மாரி மழையும் கறையானும் சேர்ந்து உள்ளேயிருந்ததைக் களியாக்கியிருந்தன. அதை அவர் பெரிதாகப் பிரஸ்தாபிக்கவில்லை. ஒரு கிழமை கழித்து எம்மை அழைத்து, “ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கிக்கொண்டு வா தம்பி, நான் மறக்கமுந்தி எழுதுவம்” என்றார்.

ஏறத்தாழ ஓராண்டு, பின்னேரங்களில் எழுதினோம். படம், ஆண்டு, வேடம், நடிகர். நிச்சயமானவை மையில், ஐயமானவை பென்சிலில். இந்த விதியில் அவர் வலு கண்டிப்பு. “எனக்குத் தெரியாததை உன்ரை எழுத்திலை தெரிஞ்சமாதிரி வைச்சிடாதை” என்பார். ஒரு பிழையான பெயர் எழுத்தில் ஏறிவிட்டால் அதைப் பார்த்துப் பத்துப்பேர் எழுதுவார்கள். பின்னர் அதுவே சரித்திரம். பழைய படங்களைப் பற்றி இன்று உலவும் செய்திகளைப் பார்க்கையில் அந்தப் பென்சிலின் அருமை விளங்குகிறது.

இத்துறையிற் பெருந்தொண்டு செய்தோர் தமிழகத்தில் இருந்தனர். ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன் படம் படமாகத் தகவல் திரட்டி, 2004இற் பெருநூலாக வெளியிட்டார், 2016இல் மறைந்தார். பழைய படங்களைப் பற்றி வாரந்தோறும் ஆங்கிலத்தில் எழுதிவந்த ராண்டார் கை 2023இல் மறைந்தார். அமெரிக்காவில் இதற்கென ஒரு கூட்டமே நடத்தியிருக்கிறார்கள். கல்பெப்பர் என்னும் சிற்றூரில், காங்கிரஸ் நூலகத்தின் படக் காப்பகத்தில், 2012ஆம் ஆண்டு தொடங்கியது. பெயர் தெரியாத மௌனப் படங்களைத் திரையிடுவார்கள். ஒருவர் பியானோ வாசிப்பார். சபையோர் வாயை மூடிக்கொண்டிராமல் நடிகர் பெயரையும், தெருப் பலகையையும், மோட்டார் வண்டியின் வகையையும் உரக்கக் கூவ வேண்டும். எங்கள் விறாந்தையில் நடந்ததும் அதுதானே! நம் நாட்டுத் தமிழ்ப் படங்களுக்குத் தம்பிஐயா தேவதாஸ் ஒரு வரலாறு எழுதி வைத்தார். ஆயினும் கோடம்பாக்கத்து வாயில்காப்போனைத் தேடும் நாம், ‘குத்துவிளக்கு’ (1972), ‘பொன்மணி’ (1977) ஆகியவற்றில் ஓரமாக நிற்கும் எம்மூர் முகங்களுக்குக் கொப்பியில் ஒரு பக்கந்தானும் ஒதுக்காதது குற்றமே. அதை இவ்வாண்டு தொடங்கியிருக்கிறோம்.

மாமா 2007இற் காலமானார். கொப்பி எம்மிடம். ஞாயிறு மாலைகளில் வாசிகசாலையில் ஐந்தாறு பேர் கூடிப் பென்சில் வரிகளை மையாக்க முயல்கிறோம். ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: ‘சகுந்தலை (1940), குழந்தைப் பரதன்: மீராவின் (1945) சின்னப் பெண்ணோ?’ பத்து வயதிற் கண்ட ஒரு சிறுவனின் முகத்தையும், பதினைந்து வயதிற் கண்ட ஒரு சிறுமியின் முகத்தையும் அவர் அரை நூற்றாண்டின்பின் மனத்திலேயே ஒப்பிட்டிருக்கிறார். எம். எஸ். சுப்புலட்சுமியின் வாழ்க்கை பற்றி எழுதப்பட்டவற்றைப் படித்தபோது உண்மை கிடைத்தது. பரதனும் சின்ன மீராவும் ஒருவரே. சதாசிவத்தின் மகள் ராதா. பிற்காலத்தில் எம். எஸ். அருகிலமர்ந்து பாடிய அதே ராதா விஸ்வநாதன். அந்த வரியின்மேல் மை ஏற்றியபோது கை சற்று நடுங்கியது.

நேயர் எவர் வீட்டுப் பரணிலேனும் பழைய பாட்டுப் புத்தகங்கள் கிடந்தால், பழைய கடதாசிக்காரருக்கு நிறுத்துக் கொடுக்குமுன் முதற் பக்கங்களை ஒருதரம் பாருங்கள். எமக்கு இன்னும் பலர் வேண்டியிருக்கிறார்கள். ‘சந்திரலேகா’ (1948) பக்கத்தில் ராதா, ராஜகுமாரி, ரஞ்சன் என்று மையில் எழுதியபின், மாமா சொல்லச் சொல்ல நாம் பென்சிலில் ‘முரசு நடனம், பெண்கள்’ என்று எழுதினோம். சற்று யோசித்துவிட்டு, “கீழை இடம் விடு” என்றார். எவ்வளவு என்று கேட்டோம். பக்கம் முழுவதையும் விடச் சொன்னார்.