பால் அளக்கும் நேரம்

இலங்கையில் கரவனெல்லப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் ஒரு பெண் தனக்கு நேர்ந்ததைப் பொலிஸ் விசாரணையில் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். "பால் அளக்குற நேரம்" என்கிறாள். எழுதுபவர் சிங்களத்தில் "பகல் 12 மணி" என்று எழுதுகிறார். "கெடுத்துட்டான்" என்று அவள் சொன்னது "கரதர கலா", அதாவது தொந்தரவு செய்தான் என்றாகிவிடக்கூடும். வாசித்துக் காட்டினாலும் அவளுக்கு விளங்காது. கையெழுத்து வைத்துவிட்டு வருகிறாள். வருடங்கள் கழித்து மேல் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் வழியே "பதினொரு மணி இருக்கும்" என்பாள். எதிரி தரப்புச் சட்டத்தரணி உடனே பழைய தாளை எடுத்து முரண்பாடு என்று குறித்துக்கொள்வார்.

இந்த முரண்பாடு அவள் வாயில் பிறந்ததல்ல, தாளில் பிறந்தது. பாலியல் குற்ற வழக்குகளில் சாட்சியின் நம்பகத்தன்மையைப் பேசும்போது நாம் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இத்தனை பேர் சாட்சி சொல்ல வேண்டும் என்ற கணக்கு 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தில் இல்லை. 134ஆம் பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது. உடம்பில் காயம் இருந்தால்தான் சம்மதமில்லை என்று கொள்ள வேண்டும் என்பதில்லை என 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தம் தண்டனைச் சட்டக்கோவையில் எழுதியது. பாதிக்கப்பட்டவளின் தனி வாக்கை நம்புவது ஆபத்து என்று எச்சரித்த 1986ஆம் ஆண்டின் சுனில் வழக்குத் தீர்ப்புகூட, அந்த வாக்கு உறுதியாக இருந்தால் அதை மட்டும் வைத்தே தண்டிக்கலாம் என்றது. ஆக, முழு வழக்கும் அவள் பேச்சின் மேல் நிற்கிறது. அந்தப் பேச்சையோ பொலிஸ் தாள்தான் அளக்கிறது. விசாரணையில் பதிந்த வாக்குமூலத்தைச் சாட்சிக்கு வலுச் சேர்க்கப் பயன்படுத்த முடியாது, முரண்பாடு காட்டப் பயன்படுத்தலாம் என்கிறது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 110ஆம் பிரிவு. அவளை உடைக்க உதவும் தாள் அவளைத் தாங்க உதவாது.

எதிரியின் நிலையையும் பார்க்க வேண்டும் என்பார்கள். நியாயம்தான். 20 வருடம் வரை சிறைக்குப் போகக்கூடிய ஒருவனுக்குக் குறுக்கு விசாரணையை விட்டால் வேறு கவசம் குறைவு. 2012இல் ராய் சந்தீப் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் விடுதலை செய்ததற்குக் காரணம், சாட்சி மணி தவறியது அல்ல. சம்பவத்தின் மையமே மாறியது. யார், என்ன செய்தான் என்பது மாறினால் சந்தேகத்தின் பலன் எதிரிக்கே சேர வேண்டும். மணி அப்படிப்பட்டதல்ல. சாட்சியின் மனதில் ஒளிநாடா ஓடுவதில்லை, நேரத்தைப் பெரும்பாலோர் குத்துமதிப்பாகவே சொல்வார்கள் என்று 1983இலேயே பர்வாடா வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டின் தருமபுரி வாச்சாத்தியில் 1992 ஜூனில் வல்லுறவுக்கு ஆளான 18 பழங்குடிப் பெண்களையும் "ஏன் உடனே சொல்லவில்லை" என்று கேட்டார்கள். அதிகாரிகளே அவர்களைப் பிடித்துச் சேலம் சிறையில் அடைத்திருந்தார்கள். யாரிடம் போய்ச் சொல்வது? 2011இல் வந்த தண்டனைத் தீர்ப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் உறுதி செய்தது. சில்லறை வேறுபாடுகள் அதற்குத் தடையாகவில்லை.

இலங்கையில் அரச அதிகாரியிடம் தமிழில் பேசும் உரிமை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் இருக்கிறது. வாக்குமூலத்தை அவள் சொன்ன சொல்லிலேயே, தமிழிலேயே எழுதி, குரலையும் பதிவு செய்து வைத்தால் எதிரிக்கும் நட்டமில்லை. அவள் உண்மையில் மாற்றிச் சொல்லியிருந்தால் அப்போதுதான் அது திட்டமாகத் தெரியும். தாளில் "பால் அளக்குற நேரம்" என்றே இருந்தால், சட்டத்தரணி அவளிடம் கேட்கக்கூடியது ஒன்றுதான்: உங்கள் தோட்டத்தில் பால் அளப்பது எத்தனை மணிக்கு?