பின்னாலிருந்து வரும் சத்தம்



பழைய மொரிஸ் மைனரும், 1962 முதல் 1980 வரை தயாரான எம்.ஜி.பி. என்ற ஸ்போர்ட்ஸ் காரும் பின்புற அமைப்பில் உறவினர்களே. இரண்டிலும் முழு அச்சு ஒன்றையே ஸ்பிரிங் தகடுகள் தாங்குகின்றன. ஆகவே அவற்றின் நோய்களும் ஒன்றுபோலவே இருக்கும்.

வெள்ளவத்தைக்குப் போகும் வழியில் எங்கள் மைனரில் 'டக்' என்றொரு சத்தம் கேட்டது. ஒரு கராஜில் டிபரன்ஷலையே மாற்றச் சொன்னார்கள். என் மனைவியோ, "பள்ளத்தில் கேட்கவில்லையே, புறப்படும்போதும் கியர் மாற்றும்போதும்தானே கேட்கிறது" என்றார். தேய்ந்திருந்தது யுனிவர்சல் ஜொயின்ட். பஞ்சிகாவத்தையில் வாங்கிய ஒரு சிறு பாகத்தோடு செலவு முடிந்தது.

பள்ளத்தில் 'தொம்' என்றால் ஸ்பிரிங்கின் ரப்பர் புஷ்களை அல்லது ஷொக் அப்சோபரைப் பார்க்க வேண்டும். வேகத்தோடு கூடி, வளைவில் மாறும் உறுமல் பெரும்பாலும் சில்லுப் பெயரிங்கினுடையது. வேகம் கொடுக்கும்போது ஒரு விதமாகவும், காலை எடுத்ததும் வேறு விதமாகவும் ஊளையிட்டால் டிபரன்ஷலைச் சந்தேகிக்கலாம். முதலில் அதன் எண்ணெயைப் பார்க்கச் சொல்லுங்கள்.

'டக்' சத்தத்தை அலட்சியம் செய்யாதீர்கள். ஜொயின்ட் முறிந்தால் ஓட்டத்திலேயே ஷாஃப்ட் கழன்று விழலாம். அத்துடன், ஜக்கை மட்டும் நம்பி வீட்டார் எவரையும் காருக்கடியில் நுழைய விடாதீர்கள்.