பிரட்டுக்களத்தில் விரல் அடையாளம்: கம்பனியின் சட்ட அலுவலர் எதைக் கணக்குப் பார்க்கிறார்?

எல்கடுவ, ரத்தோட்டை, உக்குவளைப் பக்கத் தோட்டங்களில் ஒரு பிரச்சினை என்றால் தொழிலாளிக்குத் தெரிந்த முகங்கள் நான்குதான்: கங்காணி, கணக்கப்பிள்ளை, துரை, தொழிற்சங்கத் தலைவர். ஐந்தாவதாக ஒருவர் இருக்கிறார். அவரை யாரும் பிரட்டுக்களத்தில் கண்டதில்லை. கொழும்பில் கம்பனியின் தலைமையகத்தில் இருந்துகொண்டு, துரை எழுதும் கடிதத்தைத் திருத்துவதும் 'இதை இப்போது செய்யவேண்டாம்' என்று தொலைபேசியில் சொல்வதும் அவர்தான். கம்பனியின் சட்ட அலுவலர்.

சில வருடங்கள் நான் ஒரு நிறுவனத்தின் சட்டப் பிரிவில் வேலை செய்தேன். இப்போது மாத்தளையில் தொழிலாளர்களுக்காக ஆஜராகிறேன். மேசையின் இரண்டு பக்கமும் இருந்தவன் என்பதால், அந்த ஐந்தாவது ஆள் எப்படி யோசிக்கிறார் என்பதைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நீதிமன்றச் சட்டத்தரணி பிரச்சினை வந்தபின் வருகிறார். கம்பனிச் சட்ட அலுவலரின் வேலை அதற்கு முந்தியது. எந்தத் தீர்மானமானாலும் அவர் மூன்று கேள்விகளைக் கேட்பார். இது பிழைத்துப்போக எவ்வளவு வாய்ப்பு? பிழைத்தால் எவ்வளவு செலவு? யார் வந்து கேட்பார்கள்? மூன்றாவது கேள்விதான் முக்கியம். கேட்க ஆளில்லாத சட்டம் அவருடைய பட்டியலில் கீழே போய்விடும்.

ஊழியர் சேமலாப நிதியைப் பாருங்கள். தொழிலாளியின் 8 வீதமும் கம்பனியின் 12 வீதமும் அடுத்த மாத முடிவுக்குள் கட்டப்படவேண்டும். தவறினால் மிகைக் கட்டணம் உண்டு. முதல் பத்து நாளுக்கு 5 வீதத்தில் தொடங்கி, படிப்படியாக ஏறி, 12 மாதம் கடந்தால் 50 வீதத்தில் நிற்கிறது. 'நிற்கிறது' என்பதைக் கவனியுங்கள். ஒரு இலட்சம் ரூபாய் நிலுவை ஒரு வருடத்துக்குப் பின் ஒன்றரை இலட்சமாகும். ஐந்து வருடம் போனாலும் மிகைக் கட்டணம் அதே 50 ஆயிரம்தான். முதல் வருடம் தவறிய நிறுவனத்துக்கு இரண்டாம் வருடத்தில் அவசரப்படக் காரணம் குறைவு. தொழில் திணைக்களம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும்வரை அது மலிவான கடன். எல்கடுவ உட்பட அரச பெருந்தோட்ட நிறுவனங்களின் சேமலாப நிதி நிலுவை பாராளுமன்றக் குழுக்கள் வரை பேசப்பட்ட விஷயம். அந்தப் பணத்தை நம்பி ஓய்வுபெற்ற அம்மாமார் மாத்தளை நகரத்துக்கு எத்தனை தடவை பஸ் ஏறியிருப்பார்கள் என்பது எந்தக் கணக்கிலும் இல்லை.

சம்பளத்தில் வேறு விதமான விளையாட்டு. 2024 மே தினத்தை ஒட்டி, 1,350 ரூபாய் அடிப்படையும் 350 ரூபாய் கொடுப்பனவுமாக நாளொன்றுக்கு 1,700 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் முதலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் போயின. இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. பின் உயர் நீதிமன்றம் போயின. ஜூலை தொடக்கத்தில் தடை கிடைத்தது. வெளியே பேசப்பட்டது 'எங்களால் கொடுக்க முடியாது' என்ற வாதம். ஆனால் எழுத்தாணை மனுவில் நீதிமன்றம் பார்ப்பது கம்பனியின் பணப்பையை அல்ல, தீர்மானம் எடுக்கப்பட்ட முறையை. சட்ட அலுவலர்கள் வர்த்தமானியில் தொகையைப் படிக்குமுன் நடைமுறையைப் படிப்பார்கள்: சம்பளச் சபை கூடியதா, ஆட்சேபனை கேட்கப்பட்டதா, திகதிகள் சரியா. அரசியல் மேடைக்காக அவசரமாகப் போடப்படும் வர்த்தமானி அவர்களுக்குக் கொடுக்கப்படும் பரிசு. இது என் அபிப்பிராயம்; கம்பனிகளைவிட அன்றைய அரசாங்கத்தின் மீதுதான் எனக்குக் கோபம் அதிகம். அந்த வர்த்தமானி மீளப்பெறப்பட்டு, செப்டெம்பரில் 1,350 ரூபாய் மட்டும் வந்தது.

2026 வரவு செலவுத் திட்டத்தில் 1,750 ரூபாய் அறிவிக்கப்பட்டது. கம்பனி தரும் 1,550, அதோடு அரசு தரும் 200 ரூபாய் வரவு ஊக்குவிப்பு. இந்த 200 ரூபாய் வந்ததும் 'யார் வேலைக்கு வந்தார்' என்பது அரச பணம் சம்பந்தப்பட்ட பதிவாகிவிடுகிறது. செக்ரோலில் கணக்கப்பிள்ளை பேனாவால் போடும் பேர் இனிப் போதுமா என்று கேள்வி வரும். அதற்குத் தயாராக இருக்கும் பதில், விரல் அடையாள இயந்திரம்.

சட்ட அலுவலருக்கு இது புதிய தலைவலி. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் விரல் அடையாளத்தை மதம், உடல்நலம் போன்றவற்றோடு சேர்த்து விசேட வகைத் தரவாக வைக்கிறது. மீறலுக்குத் தண்டப்பணம் ஒரு கோடி ரூபாய் வரை போகலாம். அப்படியானால் தொழிலாளியிடம் சம்மதக் கையெழுத்து வாங்கிவிட்டால் போதும் என்று துரை நினைப்பார். நல்ல சட்ட அலுவலர் 'வேண்டாம்' என்பார். சம்மதம் சுயவிருப்பில் வரவேண்டும். கைநாட்டு வைக்காவிட்டால் வேலை இல்லை என்ற இடத்தில் சுயவிருப்பு ஏது? அதோடு, கொடுத்த சம்மதத்தை மீளப்பெறவும் சட்டம் இடம் தருகிறது. ஆகவே வேலை, சமூகப் பாதுகாப்பு சார்ந்த கடமைக்கு இது அவசியம் என்ற சட்டக் காரணத்தில் அவர் நிற்பார். அவசியம் என்று சொன்னவுடன், பெயர் கூப்பிட்டுப் பதிவதால் ஏன் முடியாது என்று விளக்கவேண்டிய சுமையும் அவர் தலையில்தான்.

இந்தச் சட்டத்தின் முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18 அன்று அமுலுக்கு வரவிருந்து ஒத்திவைக்கப்பட்டன. மூன்றாவது கேள்வியை நினைவுபடுத்துகிறேன்: யார் வந்து கேட்பார்கள்? ஒத்திவைப்பு என்றதும் இயந்திரத்தை முதலில் வாங்கி, காகித வேலையைப் பின்னுக்குத் தள்ளும் நிறுவனங்களும் உண்டு. விபரமான அலுவலர் இந்த இடைவெளியில்தான் ஒப்பந்தத்தைச் சரிசெய்வார். இயந்திரம் விற்றவரின் கணினியில் விரல் அடையாளம் சேமிக்கப்படுகிறதா, தொழிலாளி விலகினால் எப்போது அழிக்கப்படும், கசிந்தால் யார் பொறுப்பு?

அவர் மேசையிலிருந்து தெரியாத ஆபத்து ஒன்று இருக்கிறது. இருபது வருடம் கொழுந்து எடுத்த கையில், றப்பர் பால் வெட்டிய கையில், ரேகை தேய்ந்திருக்கும். காலைப் பனியில் ஈரக் கையோடு மூன்று தரம் வைத்தும் இயந்திரம் எடுக்காவிட்டால் அன்றைக்கு அரைப்பேரா? 200 ரூபாயும் போகுமா? தரவுச் சட்டத்துக்குமுன்பே இதற்குப் பதில் இருக்கிறது. சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டப்படி சரியான சம்பளம் கொடுப்பதும் பதிவேடு வைப்பதும் தொழில்தருநரின் கடமை. இயந்திரத்தின் பிழை கம்பனியின் பிழை. மாற்றுப் பதிவு ஒன்று கட்டாயம் இருக்கவேண்டும் என்று எழுதிக்கொடுக்காத சட்ட அலுவலர், தன் கம்பனிக்கே ஆபத்தைச் சம்பாதிக்கிறார்.

மடுவத்துத் தராசும் அப்படித்தான். டிஜிட்டல் ஆனாலும், வியாபாரத்துக்குப் பயன்படும் மற்றத் தராசுகளைப் போல, அளவீட்டு அலகுகள் திணைக்களத்தின் முத்திரை அதற்கும் வேண்டும்.

எழுதிவைத்த பாதுகாப்பெல்லாம் ஒரு கைத்தொலைபேசிக்குமுன் நிற்காது என்பதற்கு எங்கள் மாவட்டமே உதாரணம். 2023 ஓகஸ்டில் ரத்வத்தை தோட்டத்தில் ஒரு குடும்பத்தின் தற்காலிக வீடு தோட்ட நிர்வாகத்தினரால் உடைக்கப்பட்ட காணொளி நாடு முழுக்கப் பரவியது. அப்போதைய அமைச்சர் ஜீவன் தொண்டமான் நேரில் வந்தார். குடியிருப்பவர்களை வெளியேற்ற வேண்டுமானால் அதற்கு நீதிமன்ற வழி இருக்கிறது. தாமதமானாலும் அதுதான் வழி. எந்தச் சட்ட அலுவலரிடம் முன்கூட்டிக் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார். இப்படியான தீர்மானங்கள் மலையில் பத்து நிமிடத்தில் எடுக்கப்படுகின்றன. கொழும்புக்கு அழைப்பு போவது பெரும்பாலும் அதற்குப் பிறகு.

உங்கள் தோட்டத்தில் இயந்திரம் வரப்போகிறதென்றால், பொருத்துமுன் சங்கத்தின் ஊடாக எழுத்தில் நான்கு விஷயம் கேளுங்கள். என்ன சட்டக் காரணத்துக்காக எடுக்கிறீர்கள், எங்கே வைக்கிறீர்கள், எப்போது அழிப்பீர்கள், ரேகை விழாதவருக்கு என்ன ஏற்பாடு. தமிழில் பதில் கேளுங்கள். கடிதத்தின் பிரதியை மாத்தளை தொழில் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். அந்தப் பிரதி போனது தெரிந்தால், கொழும்பில் இருப்பவர் கடிதத்தைப் பட்டியலின் மேலே தூக்கிவைப்பார்.