மின் ஸ்கூட்டர்: 20 ஆயிரம் குறைச்சலா கிடைச்சா லாபமா?

கம்பைநல்லூரில் புது ஸ்கூட்டர் வாங்க யோசிப்பவரின் நிலைமை கொஞ்சம் வேடிக்கையானது. நாட்டில் விற்கும் மின் ஸ்கூட்டர்களில் பெரும்பகுதி பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில்தான் தயாராகிறது. ஓலாவின் ஆலை போச்சம்பள்ளியில், டி.வி.எஸ்., ஏத்தர் இரண்டும் ஓசூரில். ஆனால் வண்டி பக்கத்து ஊரில் தயாராவது வேறு, பக்கத்துத் தெருவில் ரிப்பேர் ஆவது வேறு.

பெட்ரோல் கணக்கு என்ன சொல்கிறது?

தினமும் 40 கிலோமீட்டர் வேலைக்குப் போய் வரும் ஒருவரை வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 300 நாள் என்றால் 12,000 கி.மீ. லிட்டருக்கு 45 கி.மீ. ஓடும் ஸ்கூட்டர், பெட்ரோல் 101 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுச் செலவு சுமார் 27,000 ரூபாய். அதே தூரத்துக்கு மின் ஸ்கூட்டர் குடிப்பது ஏறக்குறைய 400 யூனிட். யூனிட்டுக்கு 7 ரூபாய் போட்டால்கூட 2,800 ரூபாய்தான். வருஷத்துக்கு 24 ஆயிரம் மிச்சம். ஷோரூமில் இந்தக் கணக்கைச் சொல்லித்தான் விற்கிறார்கள். கணக்கில் தப்பும் இல்லை.

ஆனால் வண்டி தினமும் ஓடினால்தான் இந்த மிச்சம். அங்கேதான் சிக்கல்.

நிற்கும் நாளுக்கு என்ன விலை?

2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரையிலான ஓராண்டில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஓலா எலெக்ட்ரிக் குறித்து 10,644 புகார்கள் வந்ததாக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கணக்கிட்டு, 2024 அக்டோபரில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. அதில் 3,364 புகார்கள் சர்வீஸிலும் பழுது நீக்குவதிலும் ஏற்பட்ட தாமதம் பற்றியவை. 99.1 சதவீதப் புகார்களைத் தீர்த்துவிட்டதாக நிறுவனம் பதில் அளித்தது. அந்தக் காலத்தில் நாட்டிலேயே அதிகம் விற்ற மின் ஸ்கூட்டர் அதுதான் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அதிகம் விற்றால் புகாரும் அதிகம் வரும். ஆனாலும் வண்டி கெட்டுப்போச்சு என்பதைவிட, கெட்டதைச் சரிசெய்ய நாளாகுது என்பது இவ்வளவு பெரிய புகாராக வந்திருப்பதைக் கவனிக்கணும்.

இதற்கும் ஒரு கணக்கு உண்டு. வண்டி நின்ற நாளில் பஸ், ஷேர் ஆட்டோ, சில நேரம் அரை நாள் லீவு என்று 500 ரூபாய் போவதாக வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 15 நாள் நின்றால் 7,500 ரூபாய். மூன்று ஆண்டில் 22,500. வாங்கும்போது 20 ஆயிரம் குறைச்சலாகக் கிடைத்தது என்ற சந்தோஷம் அதோடு முடிந்தது.

1980-ல் இதே ஓசூரில் இருந்து வந்த டி.வி.எஸ். 50-ம், அதன் வழி வந்த எக்ஸ்.எல். வண்டிகளும் கிராமத்தில் நிலைத்ததற்குக் காரணம் விலை மட்டுமல்ல. வேப்பமரத்தடி மெக்கானிக் ஸ்பேனரோடு உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் வண்டி கிளம்பிவிடும். மின் ஸ்கூட்டர் அப்படி இல்லை. பல மாடல்களில் கன்ட்ரோலரை மாற்றினால், நிறுவனத்தின் சாஃப்ட்வேரில் இணைத்தால்தான் வண்டி ஓடும். மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தர்மபுரிக்கு ஏற்றி அனுப்ப வேண்டியதுதான்.

'8 ஆண்டு வாரன்டி' என்றால்?

2024-ல் ஓலா பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 80,000 கி.மீ. வாரன்டி அறிவித்தது; ஏத்தரிலும் அதே அளவு உண்டு. ஏத்தரில் இது கூடுதல் பணம் கட்டி வாங்குவது. பேட்டரியின் திறன் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் பொறுப்பேற்கும். 'அல்லது' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். எது முதலில் வருகிறதோ அதோடு சரி. ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓட்டுபவருக்கு ஆறரை ஆண்டு தாண்டியதும் 80,000 முடிந்துவிடும்.

அது பேட்டரிக்கு மட்டும். மோட்டார், கன்ட்ரோலர், சார்ஜர், டிஸ்ப்ளே ஆகியவற்றின் வாரன்டி பல மாடல்களில் மூன்று ஆண்டுதான். 36 மாத லோன் போட்டவருக்குக் கடைசி இ.எம்.ஐ.யும் வாரன்டியும் ஒன்றாக முடிகின்றன. நான்காவது ஆண்டு செலவு முழுக்க அவர் தலையில்.

இன்னொரு ரகமும் உண்டு. 25 கி.மீ. வேகத்துக்கு மேல் போகாத, 250 வாட் மோட்டாருக்கு மிகாத வண்டிகளுக்குப் பதிவும் லைசென்ஸும் தேவையில்லை. விலையும் குறைவு. ஆனால் அவற்றில் பல லெட்-ஆசிட் பேட்டரியில் ஓடுபவை. ஓரிரு ஆண்டில் பேட்டரி மாற்ற வேண்டி வரும். கடைக்கும் வீட்டுக்கும் போய்வர ஓகே. தினமும் 40 கி.மீ. ஓட்ட ஆகாது.

வாங்கும் முன் என்ன பார்க்கலாம்?

ஷோரூமுக்குப் போவதற்கு முன்பு, வாரநாள் ஒன்றில் அதே நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குப் போய்ப் பார்ப்பது நல்லது. எத்தனை வண்டி தூசி படிந்து நிற்கிறது, எத்தனை நாளாக நிற்கிறது என்று அங்கே காத்திருப்பவர்களிடம் கேட்டாலே தெரிந்துவிடும். உதிரிபாகம் தர்மபுரியில் இருப்பு இருக்கிறதா, வெளியூரில் இருந்து வர வேண்டுமா என்றும் கேட்கணும். வாரன்டி புத்தகத்தில் எது சேரும் என்பதைவிட எது சேராது என்ற பக்கத்தை முதலில் படிக்கலாம். சர்வீஸ் தேதி தவறினால் என்ன ஆகும் என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு பழைய பெட்ரோல் வண்டி இருந்தால் கணக்கு மாறிவிடும். மின் ஸ்கூட்டர் நின்ற நாளில் அது கை கொடுக்கும். விலை குறைந்த மாடலைத் துணிந்து எடுக்கலாம். இருப்பது ஒரே வண்டி, அதை நம்பித்தான் காலை ஷிஃப்ட் என்றால், பழுது பார்க்கும் இடம் எவ்வளவு பக்கம் என்பதைத்தான் முதலில் பார்க்கணும். விலை அதற்கு அப்புறம்.