மன்னவனூரின் இளைய வாக்காளரும் நான்கு வாக்குச்சீட்டுகளும்

கொடைக்கானல் வட்டத்தின் மேல்மலைக் கிராமமான மன்னவனூர், பழனி சட்டமன்றத் தொகுதியிலும் திண்டுக்கல் மக்களவைத் தொகுதியிலும் அடங்குகிறது. இரண்டிலும் சமவெளி வாக்காளர்களே பெருந்திரளாக இருப்பதால், மலைமேல் விழும் ஒரு வாக்கால் என்ன ஆகிவிடும் என்று இளையோர் ஐயுற்றால், அதை அக்கறையின்மை என்று ஒதுக்கிவிட இயலாது.

வாக்குரிமை வயதை 21-லிருந்து 18-ஆகக் குறைத்த அரசமைப்பின் 61-ஆவது திருத்தம் 1989 மார்ச் 28 முதல் நடைமுறைக்கு வந்தது. 18 வயது நிறைந்துள்ளதா என்று கணக்கிடப்படும் நாளான தகுதிநாள், ஆண்டுக்கு ஒன்றாக இருந்த நிலை மாறி, 2022 ஆகஸ்டு முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாள் என நான்காயிற்று; 17 வயது நிறைந்தவர் படிவம் 6 வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். மேற்படிப்புக்காக மலையிறங்கி விடுதியில் தங்குபவர், தற்காலிகமாக ஊரில் இல்லை என்ற காரணத்தால் மட்டும் சொந்த ஊரில் வாக்காளராக இருக்கும் தகுதியை இழப்பதில்லை என்பதைப் பள்ளியிறுதி வகுப்பிலேயே சொல்லிவைப்பது நல்லது.

உண்மையான இழப்பு ஊராட்சியில்தான் நேர்ந்திருக்கிறது. ஊராட்சித் தேர்தலில் கிராமப்புற வாக்காளர் ஒருவர் வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக்குழு உறுப்பினர், மாவட்ட ஊராட்சி உறுப்பினர் ஆகிய நால்வருக்கும் தனித்தனிச் சீட்டில் வாக்களிக்கிறார். சில வாக்குகளே வெற்றியைத் தீர்மானிக்கக்கூடிய வார்டில் ஓர் இளைஞரின் வாக்குக்கு எடை மிகுதி. திண்டுக்கல் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தபோது, அதற்குள் தேர்தல் நடத்தப்பட வேண்டும் என்று அரசமைப்பின் 243உ பிரிவு கூறியிருந்தும் தேர்தல் நடக்கவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டோரின் இடத்தில் அரசு நியமித்த தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். 2016 அக்டோபரிலிருந்து மூன்றாண்டுகளுக்கு மேல் இதே நிலை நீடித்ததையும் சேர்த்துப் பார்த்தால், இளையோருக்கு ஆர்வமில்லை என்று குறைகூறும் முன், அவர்களுக்கு மிக அருகிலுள்ள தேர்தலையே தள்ளிப்போட்ட அரசுகளைக் கேள்வி கேட்பதே நேர்மை.

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் உறுப்பினராக அமையும் கிராம சபை, தலைவர் இல்லாத காலத்திலும் கலைவதில்லை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் அதன் கூட்ட நாள்களாகச் சேர்க்கப்பட்டுள்ள நிலையில், குடிநீர், சாலை, வேலையுறுதித் திட்டப் பணிகள் ஆகியவற்றின் கணக்கை 18 வயது நிறைந்தவரும் எழுந்து கேட்கலாம். 21 வயதில் ஊராட்சித் தேர்தலில் போட்டியிடலாம், சட்டமன்றத்துக்கோ 25 வயது ஆகவேண்டும். ஜனவரி 25 தேசிய வாக்காளர் நாளில் எடுக்கும் உறுதிமொழியைவிட, மறுநாள் கூடும் சபையில் ஒரு தீர்மானத்தை முன்மொழிவது குடிமையை ஆழமாகக் கற்பிக்கும்.